அதே எண்பத்திரண்டு

குத்தாயிசியில் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி.
கோட்டைக் கழற்றாமல் தராசில் ஏறிவிட்டேன்.
லமாரா அதட்டுகிறாள்: "இறங்கு, ஜும்பெர்.
கோட்டுக்கும் சேர்த்தா டயாலிசிஸ் செய்வது?"

இதே ஊரில் ஒருகாலத்தில்
எண்பத்திரண்டு கிலோப் பிரிவுக்குள் நிற்பதற்காக
நீராவிக் குளியலில் கம்பளி போர்த்திக் கிடந்தவன் நான்.
கடைசி இருநூறு கிராமுக்காக
ஒரு டப்பாவில் துப்பிக்கொண்டே
மல்யுத்த மண்டபம் வரை நடந்தவன்.

இப்போது சிறுநீர் இல்லை.
குடிப்பதெல்லாம் கணுக்காலில் தங்கிவிடுகிறது.
சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே மூன்று கிலோ.
நான்கு மணி நேரம் இயந்திரம் உறிஞ்சியபின்
திரும்ப ஏறினால், எண்பத்திரண்டு.
உலர் எடை என்று பெயர்.
முப்பது வருடமாகப் பிரிவு மாறாதவன் நான் என்று
அன்ஸோரிடம் பீற்றிக்கொள்வேன்.

அன்ஸோர் அடுத்த நாற்காலி. டிராலிபஸ் ஓட்டியவன்.
பிப்ரவரியில் ஒரு ராத்திரி
விளக்கை அணைக்கப் படுக்கையில் புரண்டான்.
அவ்வளவுதான்.
விழவில்லை. யாரும் தள்ளவில்லை.
சுள்ளி ஒடிகிற சத்தம்;
கட்டில்தான் உடைந்தது என்று நினைத்தாளாம் மனைவி.

அதற்குப் பிறகுதான்
எங்களைப் படம் பிடிக்க அனுப்பினார்கள்.
சுவரில் எலும்புத் தேய்மான விளம்பரம்:
பால் டம்ளரோடு சிரிக்கிற ஒரு பெண்.
அவளுக்குக் கீழே பெஞ்சில்
ஒன்பது ஆண்கள்,
உலோகம் ஆகாது என்று அவிழ்த்த பெல்ட்டைக்
கையில் சுருட்டிக்கொண்டு.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மருத்துவர் இயாம்ஸே காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்.
எண்பத்திரண்டு சரிதான்.
உள்ளே ஆள்தான் மாறியிருக்கிறது.
தொடைத் தசை போன வீட்டில்
கொழுப்பு குடியேறியிருக்கிறது, வாடகை கொடுக்காமல்.
எலும்பும் தோலுமாய் ஆகியிருந்தால்
ஊராவது இரங்கியிருக்கும்.
நான் தடியன். கதவு வழியே பக்கவாட்டில் நுழைபவன்.
என் இடுப்பெலும்பு
நனைந்த பிஸ்கட்.

போன சுண்ணாம்பு எங்கே என்றேன்.
இன்னொரு படத்தை வெளிச்சத்தில் தூக்கினாள்.
முழங்கைக்குக் கீழே, ரத்தக் குழாயின் ஓரமாக,
பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு.
எலும்பிலிருந்து கிளம்பியது
வழியிலேயே குடித்தனம் போட்டுவிட்டது.
பாலத்தின் கீழே ரியோனி ஆறு
தன் வெள்ளைக் கற்களை உருட்டுவது ஞாபகம் வந்தது.
அது மலையைத்தானே இழக்கிறது.
யார் அழுகிறார்கள்?

சீஸ் கூடாது. பீன்ஸ் கூடாது.
சாப்பாட்டின் நடுவில் சாக்குக்கட்டி மாதிரி
ஒரு மாத்திரையைக் கடித்து மெல்லவேண்டும்.
இமெரெத்தியில் பிறந்தவனிடம் சீஸ் தின்னாதே என்பது
பாதிரியாரிடம் மணி அடிக்காதே என்பது.
தலையாட்டினேன்.
அவளும் நம்பினமாதிரி எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒரு கைப்பிடிக் கருவியை நீட்டினாள்.
இடக்கை ஊசிக்கானது; அதன் ஃபிஸ்துலா
தூங்குகிற பூனைபோல் உறுமிக்கொண்டே இருக்கும்.
வலக்கையால் அழுத்தினேன்.
"பத்தொன்பது.
இருபத்தேழாவது வேண்டும்," என்றாள்.

ஸெஸ்தபோனிக்காரன் ஒருவனின் கச்சையை
இதே கையால் பிடித்திருக்கிறேன்.
மேளம் நின்றது, நடுவர் தோளில் தட்டினார்,
அவன் முதுகு மண்ணில் பட்டுவிட்டது,
விடவில்லை. விரல்களுக்குச் செய்தி போய்ச்சேரவில்லை.
இரண்டு பேர் வந்து பிரித்தார்கள்.

"இன்னொரு தடவை," என்றேன்.
இருபத்தொன்று.

வாசலில் லமாரா:
நாற்காலி காலி, சீக்கிரம் வா.
எந்த நாற்காலி என்று கேட்கவில்லை.
மருத்துவர் கருவிக்காகக் கையை நீட்டியபடி நிற்கிறாள்.

இன்னும் கொடுக்கவில்லை.